ஆழ் யூடெக்டிக் கரைப்பான்: திட-திரவ எல்லையை எந்த முறையில் அளப்பது?

கோலின் குளோரைடின் உருகுநிலை 302 டிகிரி செல்சியஸ் என்று பல அட்டவணைகளில் இருக்கும். யூரியா 133 டிகிரியில் உருகும். இரண்டையும் ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் விகிதத்தில் கலந்தால், கலவை 12 டிகிரியில்தான் உறைகிறது என்று 2003-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஆபட் குழு அறிவித்தது. இப்படிக் கலப்பதாலேயே உருகுநிலை வெகுவாக இறங்கித் திரவமாகிவிடும் கலவைகளான ஆழ் யூடெக்டிக் கரைப்பான்கள் என்ற துறையே அந்த ஒரு எண்ணிலிருந்து தொடங்கியது எனலாம். பின்னால் நன்கு உலர்த்திய பொருட்களை வைத்து அதே கலவையை அளந்தபோது 25 டிகிரி அளவில் வந்தது. நடுவில் உள்ள 13 டிகிரிக்கு முக்கியக் காரணம் நீர். கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை விடாமல் இழுக்கும் பொருள்.

இந்த ஒரு உதாரணமே போதும், அளக்கும் முறையை ஏன் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று புரிய. புதிய கலவை ஒன்றைக் கையில் எடுக்கும் ஒருவருக்கு முன்னால் நான்கு வழிகள் உண்டு. சூடாக்கும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கலோரிமானியான டிஎஸ்சி கருவியில் வைத்து வெப்ப ஓட்டத்தைப் பதிவு செய்யலாம். மூடிய குப்பியில் கலக்கிக்கொண்டே சூடாக்கி, கடைசிப் படிகம் எப்போது மறைகிறது என்று கண்ணால் பார்க்கலாம். குளிரூட்டும் மேடை பொருத்திய நுண்ணோக்கியில் பார்க்கலாம். அளக்காமல் கணக்கிட்டும் விடலாம். பெரும்பாலானவர்கள் யோசிக்காமலே டிஎஸ்சி பக்கம் போகிறார்கள். ஆய்வகத்தில் கருவி இருக்கிறது, 5 மில்லிகிராம் மாதிரி போதும், ஒரே நாளில் பல விகிதங்களை ஓட்டிவிடலாம் என்பதுதான் காரணம். ஒரே ஒரு முறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் தேர்வு டிஎஸ்சி இல்லை, கலக்கும் குப்பிதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், எதை அளக்கப் போகிறோம்? கலவை விகிதத்துக்கு எதிராக வெப்பநிலையை வரையும், இரண்டு பொருள் கொண்ட எளிய யூடெக்டிக் வரைபடத்தில் இரண்டு லிக்விடஸ் கோடுகள் இரு பக்கத்திலிருந்தும் இறங்கி வந்து ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் வழியாகக் கிடைமட்டமாக ஓடுவது யூடெக்டிக் கோடு. லிக்விடஸுக்கு மேலே எல்லாம் திரவம். இரண்டுக்கும் நடுவில் திரவமும் ஒரு திடமும் சேர்ந்திருக்கும். யூடெக்டிக் கோட்டுக்குக் கீழே இரண்டும் திடம். கரைப்பானைப் பயன்படுத்தப் போகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் லிக்விடஸ் கோடுதான்: இந்த வெப்பநிலையில் எந்த விகிதத்திலிருந்து எந்த விகிதம் வரை திரவமாக இருக்கும் என்ற தகவல். யூடெக்டிக் புள்ளி மட்டும் தெரிந்தால் இதற்கு விடை கிடைக்காது.

'ஆழ்' என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றும் தேவை. எந்த இரண்டு பொருளைக் கலந்தாலும், அவை திட நிலையில் ஒன்றில் ஒன்று கரையாமல் திரவத்தில் மட்டும் கலக்குமானால், உருகுநிலை இறங்கத்தான் செய்யும். அது நல்லியல்புக் கரைசலுக்கும், அதாவது இரு வகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று தம் இனத்தைப் போலவே ஈர்க்கும் கரைசலுக்கும், நடக்கும். அந்த நல்லியல்புக் கணக்கு சொல்லும் யூடெக்டிக் வெப்பநிலையையும் விடக் கீழே இறங்கினால்தான் ஆழ் யூடெக்டிக் என்று அழைக்க வேண்டும் என்று 2019-இல் மார்ட்டின்ஸ், பின்ஹோ, குட்டின்யோ மூவரும் முன்வைத்த வரையறை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. ஆக, அளந்த கோடும் வேண்டும், அதை ஒப்பிட்டுப் பார்க்க நல்லியல்புக் கோடும் வேண்டும்.

டிஎஸ்சியை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பலம் யூடெக்டிக் கோடு. யூடெக்டிக் விகிதத்திலிருந்து விலகிய ஒரு கலவையை முழுதாகப் படிகமாக்கிவிட்டுச் சூடாக்கினால், முதலில் ஒரு கூர்மையான வெப்ப உறிஞ்சல் வரும். அதன் தொடக்கப் புள்ளிதான் யூடெக்டிக் வெப்பநிலை. எந்த விகிதத்தில் அளந்தாலும் அது ஒரே இடத்தில் வர வேண்டும் என்பதால், அளவீடு தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. அந்த முதல் சிகரத்தின் பரப்பளவை விகிதத்துக்கு எதிராக வரைந்தால் முக்கோணம் ஒன்று கிடைக்கும். அதன் உச்சி யூடெக்டிக் விகிதம். அடிப்பக்க முனைகள் தூய பொருட்கள் வரை போய்ச் சேர்ந்தால், திடக்கரைசல் எதுவும் உருவாகவில்லை என்று பொருள். டம்மன் வரைபடம் என்று அழைக்கப்படும் இந்த உத்தியைக் கலக்கும் குப்பியால் தரவே முடியாது.

லிக்விடஸ் என்று வரும்போதுதான் டிஎஸ்சி தடுமாறுகிறது. யூடெக்டிக் சிகரத்துக்குப் பிறகு, மீதமுள்ள படிகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் அகலமான ஒரு மேடு தெரியும். அது முடியும் இடம்தான் லிக்விடஸ். தூய பொருளுக்குத் தொடக்கப் புள்ளியை எடுப்பது போல இங்கே எடுத்தால் விடை தவறாகும். மேட்டின் உச்சியையோ, அது அடிக்கோட்டுக்குத் திரும்பும் இடத்தையோ எடுக்க வேண்டும், அந்த இடமும் சூடாக்கும் வேகத்தைப் பொறுத்து நகரும். யூடெக்டிக் விகிதத்தை நெருங்க நெருங்க இரண்டு சிகரங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் பாகுத்தன்மை. இந்தக் கரைப்பான்கள் பலவும் கெட்டியானவை. டிஎஸ்சியில் மாதிரி வைக்கும் சிறு கிண்ணமான பானுக்குள் கலக்குவதற்கு ஒன்றும் கிடையாது. நிமிடத்துக்கு 5 டிகிரி வேகத்தில் ஏற்றும்போது, படிகம் கரைய வேண்டிய வெப்பநிலையைத் தாண்டியும் கரையாமல் கிடக்கும், லிக்விடஸ் உயர்ந்து தெரியும். 5, 2, 1 என்று வேகத்தைக் குறைத்து அளந்து, பூஜ்ய வேகத்துக்கு நீட்டிப் பார்த்தால் இதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் வேகம் குறையக் குறையச் சிக்னலும் சுருங்கும். உருகுதல் என்தால்பி, அதாவது உருகத் தேவையான வெப்பம், சிறியதாக உள்ள பொருளின் பக்கத்தில், கடைசிக் கட்ட மேடு இரைச்சலுக்குள் காணாமலே போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், கலவை படிகமாகவே மறுப்பது. குளிர்விக்கும்போது படிகமாகாமல், மூலக்கூறுகள் ஒழுங்கற்றபடியே இறுகும் கண்ணாடி நிலைக்கு நேராகப் போகும். மறுபடி சூடாக்கினால் கண்ணாடி மாற்றத்தின் படி ஒன்று மட்டும் தெரியும், உருகுதல் எதுவும் தெரியாது. சில கலவைகளில் சூடாகும் வழியில் படிகமாகி, உடனே உருகும். அப்படி அவசரத்தில் வந்த படிகம் நிலையான வடிவம் என்று நம்ப முடியாது. மெந்தாலையே பாருங்கள். அதன் நிலையான வடிவம் 42 டிகிரி அருகே உருகுகிறது, அதையும் விடத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் மற்ற படிக வடிவங்களும் அதற்கு உண்டு. வந்தது எது என்று தெரியாமல் வரைபடத்தில் புள்ளி வைத்தால், இல்லாத ஆழம் ஒன்று அதில் வந்துவிடும்.

கண்ணாடி மாற்ற வெப்பநிலையை உருகுநிலை என்று எழுதிய கட்டுரைகள் இந்தத் துறையில் நிறைய இருக்கின்றன. மைனஸ் 60, மைனஸ் 70 என்று ஒரு எண்ணைப் பார்த்தால், அது படிகம் உருகிய வெப்பநிலையா, கண்ணாடி இளகிய வெப்பநிலையா என்று முதலில் கேளுங்கள். முதலாவது சமநிலை சார்ந்த எண். இரண்டாவதற்கும் நிலைமை வரைபடத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

இனி கலக்கும் குப்பி. இரண்டு மூன்று கிராம் கலவையை உலர்ந்த குளோவ் பாக்ஸுக்குள் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) எடை போட்டு, காந்தக் கலக்கியோடு இறுக மூட வேண்டும். ஒருமுறை முழுதாக உருக்கிக் கலந்து, பிறகு படிகமாக்கி, வெப்பநிலைத் தொட்டியில் மெதுவாக ஏற்ற வேண்டும். கடைசிப் படிகம் மறையும் நிலை நெருங்கும்போது 0.1 டிகிரி ஏற்றுவது, காத்திருப்பது, பார்ப்பது, மறுபடி ஏற்றுவது. ஒரு புள்ளிக்கு அரை நாள் ஆகலாம். பொறுமையாகச் செய்தால் ஒரு டிகிரிக்குள் திரும்பத் திரும்ப ஒரே விடை வரும்.

இதில் கிடைக்கும் ஆதாயங்கள் நேரடியானவை. கலக்குவதால் படிகமும் திரவமும் உண்மையிலேயே சமநிலைக்கு வருகின்றன. தேடுகிற லிக்விடஸ் நேராகக் கண்ணில் படுகிறது, வளைகோட்டின் வடிவத்திலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை. கிராம் கணக்கில் எடை போடுவதால் விகிதம் துல்லியமாக இருக்கும். டிஎஸ்சியில் பெரிய கலவை ஒன்று தயாரித்து, அதிலிருந்து 5 மில்லிகிராம் எடுத்துப் பானில் வைப்பதுதான் வழக்கம். கலவை பாதி திடமாக இருந்தால், எடுத்த துளியும் மொத்தக் கலவையும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் பிழை எந்த வளைகோட்டிலும் தெரியாது என்பதால்தான் எனக்கு அதன்மேல் அதிகக் கவலை.

படிகமாக மறுக்கும் கலவைகளிலும் குப்பிக்குச் சாதகம் உண்டு. குப்பியில், படிகமாவதைத் தூண்டும் விதைப் படிகம் போடலாம். உறைய வைத்து வாரக்கணக்கில் குளிரில் விடலாம். தேவைப்பட்டால், தூய திடத்தைத் திரவக் கலவைக்குள் சிறுகச் சிறுகச் சேர்த்து, கரையாமல் நிற்கும் அளவை நேரடியாகக் காணலாம். இந்தக் கடைசி வழியில் கலவையைப் படிகமாக்க வேண்டிய அவசியமே இல்லை.

குறைகளும் உண்டு. கரும்பழுப்பாகவோ கலங்கலாகவோ உள்ள கலவையில் கடைசிப் படிகம் தெரியாது. தேனை விடக் கெட்டியான கலவையில் கலக்கி நின்றுவிடும். யூடெக்டிக் கோடு தெரியாது. பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்த அளவீடு என்பதால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. மணிக்கணக்கில் சூட்டில் இருப்பதால், சிதையும் பொருட்களுக்கு இது ஏற்றதல்ல. யூரியா அதன் உருகுநிலையை நெருங்கும்போதே சிதைந்து அம்மோனியா விடத் தொடங்கும். கார்பாக்சிலிக் அமிலங்கள் கோலினுடன் சேர்ந்து எஸ்டராகி நீரை வெளியிடும். அந்த நீர் உருகுநிலையை இன்னும் கீழே தள்ளும். காலையில் அளந்த கலவையும் மாலையில் அளந்த கலவையும் ஒன்றல்ல என்ற நிலை வந்துவிடும். அப்படிப்பட்ட கலவைக்கு டிஎஸ்சியின் வேகமே நல்லது.

நுண்ணோக்கியைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அதைத் துணை முறையாகவே பார்க்கிறேன். படிகமா கண்ணாடியா என்ற சந்தேகத்தைத் துருவ ஒளியில் சில நிமிடத்தில் தீர்த்துவிடும், கலவை எந்த வெப்பநிலையில் படிகமாகிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். கோலின் குளோரைடு 79 டிகிரி அருகே ஒரு திட வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. மேலேயுள்ள வடிவம் கனசதுரப் படிகம். கனசதுரப் படிகம் துருவ ஒளியில் திரவத்தைப் போலவே இருட்டாகத் தெரியும். அங்கே ஒளி அணைந்ததை உருகியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நுண்ணோக்கியோடு ராமன் நிறமாலைமானி இணைந்திருந்தால் எந்தத் திடம் என்றும் தெரியும். இல்லையென்றால் அதற்கு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுதான் வழி. இரண்டு பொருளும் சேர்ந்து புதிய இணைப்படிகம் ஒன்றை உருவாக்கியிருந்தால் வரைபடத்தின் வடிவமே மாறிவிடும். ஒரே ஒரு விகிதத்திலாவது திடத்தை அடையாளம் காணாமல் வரைபடத்தை முடிக்காதீர்கள்.

நான்காவது வழியான கணக்கீடு கவர்ச்சியானது. காஸ்மோ-ஆர்எஸ் போன்ற குவாண்டம் வேதியியல் அடிப்படையிலான முறைகளும், பிசி-சாஃப்ட் போன்ற நிலைச் சமன்பாடுகளும் நல்லியல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் ஆக்டிவிட்டி குணகத்தைத் தந்துவிடும், ஆயிரம் சேர்க்கைகளை வடிகட்டலாம். எந்த மாதிரியாக இருந்தாலும், லிக்விடஸாக மாற்ற இரண்டு எண்கள் கட்டாயம் தேவை: தூய பொருளின் உருகுநிலை, உருகுதல் என்தால்பி. கோலின் குளோரைடில் இந்த இரண்டுமே பெரும் தலைவலி, ஏனென்றால் அது உருகும்போதே சிதைகிறது. அயனித் திரவங்களுடன் கலந்த கரைதிறன் தரவுகளிலிருந்து 2017-இல் நீட்டிக் கணக்கிட்டபோது 597 கெல்வின், மோலுக்கு 4.3 கிலோஜூல் என்று வந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில், சிதைய நேரம் கொடுக்காமல் சூடாக்கும் அதிவேகக் கலோரிமானியில் 2023-இல் வெளியான அளவீடு 687 கெல்வின், மோலுக்கு 13.8 கிலோஜூல் என்றது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கோலின் குளோரைடின் மோல் பின்னம் மூன்றில் ஒன்று, அதாவது பழைய ஒன்றுக்கு இரண்டு விகிதம். வெப்பக் கொள்ளளவு வித்தியாசத்தை விட்டுவிட்டு, நல்லியல்புக் கரைசல் என்று எடுத்துக்கொள்வோம். முதல் ஜோடி எண்களோடு, 79 டிகிரியில் நடக்கும் திட மாற்றத்தின் 16 கிலோஜூல் சொச்சத்தையும் சேர்த்தால், லிக்விடஸ் சுமார் 56 டிகிரி செல்சியஸில் வருகிறது. இரண்டாம் ஜோடியில் கிட்டத்தட்ட 199 டிகிரி. அளந்த விடை 25 டிகிரி. முதல் கணக்கை நம்பினால், கோலின் குளோரைடு நல்லியல்பிலிருந்து கொஞ்சம்தான் விலகுகிறது. இரண்டாவதை நம்பினால் அதே பொருள் மிகக் கடுமையாக விலகுகிறது. ஒரே அளவீடு, ஒரே சமன்பாடு, ஆனால் மூலக்கூறுகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்பதற்கு முற்றிலும் வேறான இரண்டு விளக்கங்கள்! யூரியாவின் பக்கம் இவ்வளவு குழப்பம் கிடையாது. அதன் உருகுதல் என்தால்பி மோலுக்கு 14.5 கிலோஜூல் அளவில். அதே விகிதத்தில் அதன் நல்லியல்பு லிக்விடஸ் சுமார் 98 டிகிரிக்கு வரும்.

ஆகவே கணக்கீட்டை எங்கே அளக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பயன்படுத்துங்கள். தைமால், மெந்தால், கொழுப்பமிலங்கள் போலத் தூய நிலையில் சிதையாமல் உருகும் பொருட்களுக்குக் கணக்கு நன்றாகவே கைகொடுக்கும். கோலின் குளோரைடுக்கும் சர்க்கரைகளுக்கும் அளக்காமல் எதையும் உறுதி சொல்லக் கூடாது.

நீரைப் பற்றி எந்த முறைக்கும் பொதுவான ஒன்று. ஒன்றுக்கு இரண்டு கோலின் குளோரைடு-யூரியா கலவையில் எடையில் 1 சதவீதம் நீர் இருந்தால், மோல் கணக்கில் அது 4.6 சதவீதம். எடையில் 5 சதவீதம் என்றால் மோலில் 20 சதவீதம். ஐந்தில் ஒரு மூலக்கூறு நீராக இருக்கும் ஒன்றை இரண்டு பொருள் கலவை என்று சொல்வது நியாயமில்லை, அது மூன்று பொருள் கலவை. நீரின் அளவைக் காட்டும் கார்ல் ஃபிஷர் அளவீட்டை ஒவ்வொரு மாதிரிக்கும், அளப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும். டிஎஸ்சி பானை மூடும் அந்த ஒரு நிமிடம் கூட உலர்ந்த காற்றுக்குள் நடக்க வேண்டும்.

சரி, எந்தக் கலவைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

தைமால்-மெந்தால் போன்ற அயனியில்லாத கலவைக்குக் குப்பியும் டிஎஸ்சியும் சேர்ந்தால் முழு வரைபடம் கிடைக்கும். தைமால் 50 டிகிரி அருகே, மெந்தால் 42 டிகிரி அருகே உருகுகிறது. இரண்டையும் சேர்த்தால் எதிர்பார்ப்பதைவிட வெகுவாக இறங்கும். பாகுத்தன்மை குறைவு, நிறம் கிடையாது, சிதைவதும் இல்லை. தூய பொருட்களின் என்தால்பி டிஎஸ்சியிலேயே கிடைத்துவிடுவதால் நல்லியல்புக் கோடும் நம்பகமானது. நடு விகிதங்களில் படிகமாக மறுக்கும். அங்கே இரு பக்கக் கிளைகளையும் முடிந்தவரை அளந்து, மாதிரிச் சமன்பாட்டால் நீட்டி, நீட்டிய பகுதியைப் புள்ளிக்கோடாக வரைந்து காட்டுவதுதான் நேர்மையான வழி.

கோலின் குளோரைடு-யூரியாவுக்குக் குப்பியே முதல் தேர்வு. 100 டிகிரிக்குக் கீழே மட்டும், உலர்ந்த சூழலில். யூடெக்டிக் வெப்பநிலைக்கு மட்டும் டிஎஸ்சி.

கோலின் குளோரைடு-எத்திலீன் கிளைக்கால் தனிக்கதை. ஒன்றுக்கு இரண்டு விகிதத்தில்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதையே யூடெக்டிக் என்றும் எழுதுகிறார்கள். கவனமாக அளந்தபோது யூடெக்டிக் விகிதம் ஒன்றுக்கு ஐந்து அருகே இருப்பது தெரிந்தது. அளக்கும்போது பழகிய ஒரு விகிதத்தைச் சுற்றியே புள்ளிகளை வைக்காமல், இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே வர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். எத்திலீன் கிளைக்கால் மிகும் பக்கத்தில் வெப்பநிலை மைனஸுக்கு வெகு கீழே போவதால், அங்கே குளிரூட்டும் வசதியுள்ள டிஎஸ்சி வசதியானது. கோலின் குளோரைடு மிகும் பக்கத்துக்குக் குப்பி.

அமிலமோ சர்க்கரையோ சேர்ந்த கலவைகளில் நிலைமை வேறு. குளுக்கோஸ் உருகும்போதே பழுப்பாகிச் சிதைகிறது, கலவை கண்ணாடியாகத்தான் உறைகிறது. இவற்றுக்கு யூடெக்டிக் புள்ளியைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். பயன்படுத்தும் வெப்பநிலையில் விதைப் படிகத்தோடு சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். விதை கரைந்தால் அங்கே திரவம்தான் நிலையானது. விதை வளர்ந்தால், குப்பியில் தெளிவாகத் தெரியும் திரவம் எப்போது வேண்டுமானாலும் படிகமாகலாம். வெளியிடும்போது கண்ணாடி மாற்ற வெப்பநிலை, நீரின் அளவு, விதைச் சோதனையின் விவரம் மூன்றையும் கொடுத்து, உருகுநிலைக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.